பக்கத்து சீட்டில் அம்மா

அருள்,

நேற்று பூசையில் உன் பெயரையும் பெனிட்டாவின் பெயரையும் மூன்றாம் முறையாக ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் நிறுத்தியபோது, முன் பெஞ்சிலிருந்த இரண்டு பெண்கள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எதற்குடா என்னைப் பார்க்க வேண்டும்? தங்கமான பெண் வீட்டுக்கு வருகிறாள், நான் எழுந்து நின்று தடை சொல்லப்போகிறேனா? பூசை முடிந்து வெளியே வந்ததும் அந்த இரண்டு பேரும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ இனிமே நீங்களும் வைட்ஃபீல்ட் தானா? பிரேசர் டவுன் வீட்டை என்னா பண்ணப்போறீங்க?" என்று கேட்டார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அவர்கள் கேட்டதைத்தான் நீயும் மாசக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறாய். அவர்களுக்கு மழுப்பலாம், உனக்கு மழுப்பக்கூடாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ "ஒரு நிமிஷம்மா, கால் வருது" என்பாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இந்தக் கடிதத்தில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. பெனிட்டாவிடமும் கொடு, அவள் வீட்டுப் பெரியவர்கள் படித்தாலும் சரி. வைட்ஃபீல்ட் புது வீட்டில் நீ எனக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறாய். கிழக்குப் பக்க ஜன்னல். குளியலறையில் பிடித்துக்கொண்டு நிற்கக் கம்பிகூட அடித்தாகிவிட்டது என்று போட்டோ அனுப்பினாய். "கட்டில் ஆர்டர் பண்ணணும், பதில் சொல்லும்மா" என்கிறாய். என் பதிலைச் சொல்வதற்கு முன்னால் நாம் இருவரும் போய்வந்த ஐஸ்லாந்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் கிளம்பும்போது என்னிடம் வேறு பதில் இருந்தது. பெட்டியைக் கட்டும்போதே, திரும்பி வந்ததும் சரி என்று சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

உனக்குத் தெரிந்த கதையைப் பெனிட்டாவுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உன் அப்பா போன பிறகு நான் கையில் எடுத்தது டிரைவிங் ஸ்கூல். பிரேசர் டவுனில் இன்றைக்கு ஸ்டீயரிங் பிடிக்கிற பெண்களில் பாதிப் பேர் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர்கள். மசூதி இருக்கிற மாஸ்க் ரோட்டில் நோன்புக் காலத்துக் கூட்டத்துக்கு நடுவே ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை நகர்த்தக் கற்றுக்கொடுத்துவிட்டால், அப்புறம் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பது என் கொள்கை. பாடம் சொல்லும் காரில் இடதுபக்கத்து சீட்டில் உட்காருகிறவள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவள் தடுமாறினால் சொல்லிக்கொடுக்கிறவள் மிதிக்கலாம். எத்தனை உயிரை அந்தப் பிரேக் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். இவ்வளவு வருஷமாக இடதுபக்கம் உட்கார்ந்தால் என் கால் தானாக அதைத் தேடும். ஆட்டோவில் போனாலும் தேடும். ஒருமுறை பல் டாக்டர் நாற்காலியில் படுத்துக்கொண்டுகூட மிதித்தேன், அந்த டாக்டர் பயந்துபோய் மெஷினை நிறுத்திவிட்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நம்ம ரெண்டு பேர் மட்டும் எங்கயாவது போலாம்மா" என்று நீ சொன்னபோது வேளாங்கண்ணி என்றுதான் நினைத்தேன். நீ வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு தீவைக் காட்டினாய். டூர் கம்பெனி கிடையாது, கைடு கிடையாது, வாடகைக் காரை எடுத்துக்கொண்டு தீவைச் சுற்றிப் போகும் ஒரே ரோட்டில் நாமே ஓட்டிக்கொண்டு போக வேண்டும், வழியில் கிடைக்கிற விடுதியில் தங்க வேண்டும் என்றாய். எனக்கு உள்ளுக்குள் குஷி. ஹார்ன் சத்தமே இல்லாத ரோட்டில் வண்டி ஓட்ட வேண்டும் என்று எத்தனை நாள் ஆசை! ஆனால் ஏர்போர்ட்டில் கார் கொடுக்கிற கவுண்டரில், இன்னொரு டிரைவர் பெயர் சேர்க்க வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டபோது நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்றாய். "நீ ரெஸ்ட் எடும்மா, வேடிக்கை பாரு." எனக்குச் சுருக்கென்றது. ரெஸ்ட் எடு என்று நாற்பது வயதுக்காரியிடம் சொன்னால் அன்பு. அறுபதைத் தாண்டியவளிடம் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம். நான் வாயை மூடிக்கொண்டு ஏறினேன். அங்கே ஸ்டீயரிங் இடதுபக்கம் என்பதால் நான் வலதுபக்கம் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் காலுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியவில்லை. முதல் ரவுண்டானாவிலேயே காலடி ரப்பர் விரிப்பை மிதிக்க ஆரம்பித்துவிட்டது.

வடக்குப் பக்கம் போன அந்த முதல் நாட்களில் நான் உன்னைப் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. நீ ஒருவழிப் பாலத்துக்கு வருகிறாய். எதிரே தூரத்தில் ஒரு கார். யார் முதலில் பாலத்துக்குப் பக்கத்தில் வந்தார்களோ அவர்கள் போகலாம், மற்றவர் நிற்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். நான், "போடா போடா, விட்டா அவன் வந்துடுவான்!" என்று கத்துகிறேன். அவன் எங்கோ நின்று, இன்ஜினைக்கூட உறுமவிடாமல், நீ கடந்ததும் கையைத் தூக்கிவிட்டுப் போகிறான். நம் ஊர் கே.ஆர்.புரத்தில் இப்படி ஒருவன் நின்றால் பின்னால் வருகிறவன் இறங்கிவந்து அவன் குடும்பத்தையே விசாரிப்பான். மலையெல்லாம் ஊதாப் பூ, ரோட்டோரத்தில் நிலத்திலிருந்து ஆவி, எங்கே பார்த்தாலும் அருவி. நான் பார்த்ததென்னவோ உன் ஸ்பீடு முள்ளையும் சைடு கண்ணாடியையும்தான். "கண்ணாடி பாரு. வளைவு வருது. பெட்ரோல் பாதிக்குக் கீழ போயிடுச்சு." நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. உன் அப்பாவின் பொறுமை உனக்கு வந்திருக்கிறது, என்னிடமிருந்து மூக்கு மட்டும்தான். அப்புறம் அந்த வெந்நீர்க் குளத்தில் இறங்குவதற்கு முன்னால் பொதுவில் துணியில்லாமல் குளிக்க வேண்டும் என்று அந்த ஊர்க்காரி என்னை மறித்து நிறுத்தினாளே, அந்தக் கதையைக் கல்யாணப் பந்தியில் யாரிடமாவது சொன்னாய் என்றால் நடப்பது வேறு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கிழக்குப் பக்கம், தார் ரோடு முடிந்து ஜல்லி ரோடு ஆரம்பித்த இடம். தூறல். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தாய் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது, அந்தப் பக்கம் அதன் குட்டி. இப்படிப் பிரிந்து நின்றால் வண்டியைக் கண்டு மிரண்ட குட்டி தாயிடம் ஓடிவரும், மெதுவாகப் போ என்று கார் கொடுத்த பெண்ணே சொல்லி அனுப்பியிருந்தாள். நீ வேகத்தைக் குறைத்துவிட்டாய். நான் அதைப் பார்க்கவில்லை. குட்டி ஓர் அடி எடுத்து வைத்ததை மட்டும் பார்த்தேன். என் கால் மிதித்தது, அங்கே ஒன்றும் இல்லை. கை போய் ஹேண்ட்பிரேக்கை ஒரே இழுவையாக இழுத்துவிட்டது. ஈர ஜல்லியில் ஹேண்ட்பிரேக்கை இழுக்கக்கூடாது என்று ஆயிரம் பேருக்குப் பாடம் சொன்ன கை! வண்டி ஒரு சுற்று சுற்றி, பின்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, பாசி படர்ந்த பள்ளத்தில் சாய்ந்து நின்றது. குட்டி எப்போதோ ஓடித் தாயிடம் சேர்ந்துவிட்டது. அந்தத் தாய் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, அதுபாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது.

நீ கத்தியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நான் பார்த்துட்டுதாம்மா இருந்தேன்" என்றாய். அப்புறம் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே, "எப்பவும் நான் பார்த்துட்டுதாம்மா இருக்கேன்" என்று இன்னொரு தரம் சொன்னாய். சைக்கிளில் வந்த இரண்டு வெளிநாட்டுப் பையன்கள் நின்று தள்ளிக்கொடுத்தார்கள். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் முன்கதவைத் திறக்கப் போனபோது நீ சொன்னாய், "அம்மா, கோவிச்சுக்காதே. இன்னைக்கு மட்டும் பின்னாடி உக்காரு." முப்பது வயது மகன் தன் அம்மாவைப் பின் சீட்டுக்கு அனுப்புகிறான்! அங்கே பஸ் ஒன்று வந்திருந்தால் சத்தியமாக ஏறிப் போயிருப்பேன். பஸ் இல்லை, ஆடுதான் இருந்தது. பின்னால் போய், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் நல்ல கோபம். பெத்து வளர்த்து, சைக்கிள் பழக்கி, கார் பழக்கி, கடைசியில் எனக்குக் கிடைத்த மரியாதையா இது என்று ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். ஜெபம் ஓடவில்லை. பின் சீட்டிலிருந்து ஸ்பீடு முள் தெரியாது, சைடு கண்ணாடி தெரியாது. வேறு வழியில்லாமல் வெளியே பார்த்தேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்தாக மலை, நடுவில் யாரோ ஒருவர் வீடு கட்டி, துணி காயப்போட்டிருக்கிறார். அப்புறம் உன் பின்கழுத்தைப் பார்த்தேன். முடி வெட்ட வேண்டும், அது வேறு விஷயம். நீ வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தாய், வளைவுக்குள் பிரேக்கைத் தொடவே இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகச் செய்தாய். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன் அருள். வேறொருவர் ஓட்டும் வண்டியில் என் வாழ்க்கையில் நான் தூங்கியதே இல்லை. விழித்தபோது வெயில். பெட்ரோல் பங்கில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாய். நீ தூங்கும்போது தாண்டிய மலைக்கணவாயில் பயங்கர மூடுபனி, முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினேன் என்றாய். "என்னை எழுப்ப வேண்டியதுதானேடா?" என்றேன். "எழுப்பி? நீ என்னா பண்ணியிருப்பே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு வந்தது அவமானம் இல்லை, நிம்மதி. அதோடு கொஞ்சம் அழுகையும் வந்தது, காபியில் ஆவி பறந்ததால் நீ கவனிக்கவில்லை.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்லாமல் எப்படி? ஒன்று சொல்கிறேன். பெனிட்டா கார் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். அந்த வேலையில் நீ தலையிடாதே. புருஷன் பெண்டாட்டிக்குக் கார் கற்றுக்கொடுத்து ஹெப்பாள் மேம்பாலத்து நடுவில் வண்டியை நிறுத்தி, ஒருவர் இறங்கி நடந்துபோன கதைகள் என்னிடம் நிறைய உண்டு. என்னிடம் அனுப்பு, அல்லது வேறு ஸ்கூலுக்கு அனுப்பு. அவள் லைசென்ஸ் வாங்கி உன்னைப் பக்கத்தில் வைத்து ஓட்டும் முதல் நாள், உன் கை ஹேண்ட்பிரேக் பக்கம் போகும். அந்தக் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொள். அவள் வண்டியை உரசினால் உரசட்டும், பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். வீட்டிலும் அப்படித்தான். அவள் செய்கிற ஒரு காரியம் கோணலாகப் போகிறது என்று தோன்றினால், அவளும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள் என்று நினைத்துக்கொள்.

தெற்கே வந்த கடைசி நாளில் அந்த அருவி. பாறை உள்வாங்கி இருப்பதால் தண்ணீருக்குப் பின்னால் நடந்து மறுபக்கம் வரலாம். உன்னிடம் சொல்லாமலே நான் அதற்காகத்தான் வந்தேன், போட்டோ பார்த்த நாளிலிருந்து அந்த இடத்தின் மேல் கண். நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். பயணம் முழுக்கவே பிடித்துக்கொண்டுதான் இருந்தாய், ஐஸ் மிதக்கிற ஏரிக்கரையில், கறுப்பு மணல் கடற்கரையில். நான்தான் அன்றைக்கு வரை அதைக் கவனிக்கவில்லை. "வேணாம்மா, வழுக்கும். இங்கிருந்தே பாரு, நல்லா தெரியுது." நான் கையை உதறினேன். "எனக்குக் கால் இருக்குடா." அப்போது நீ சத்தமாகவே சொல்லிவிட்டாய், அருவி இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருப்பாய். "போன மழையில மாடிப்படியில விழுந்தியே, எனக்குச் சொன்னியா? எதிர் வீட்டு ஆன்ட்டி சொல்லித்தானே எனக்குத் தெரியும்? கால் வீங்கி நீ தனியா படுத்துக் கெடந்திருக்கே, நான் இதே ஊர்ல ஆபீஸ்ல உக்காந்து பீட்சா தின்னுட்டிருந்தேன். உன்னால தனியா இருக்க முடியாதுன்னு நான் சொல்லலேம்மா. நீ கூப்பிட மாட்டே. அதான் எனக்குப் பயம்."

நான் அருவிக்குப் பின்னால் நடந்து போய்விட்டேன். நீ சொன்னது உண்மை. தண்ணீருக்குப் பின்னால் நின்றுகொண்டு, கோட்டுக்குள் வரை நனைந்து, அந்தத் திரை வழியாக உன்னைப் பார்த்தேன். கையில் துண்டை முறுக்கிக்கொண்டு, நான் வைக்கிற ஒவ்வோர் அடிக்கும் உன் உடம்பு முன்னால் வந்து வந்து நின்றது. என் பிள்ளை எனக்காகக் கல்லை மிதித்துக்கொண்டு நிற்கிறான்! என் வியாதி அப்படியே உனக்கு வந்திருக்கிறது. மறுபக்கம் ஏறி வந்தபோது நீ என் தலையைத் துவட்டினாய். காருக்குள் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தேன், ஆனால் என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நனைந்தது கிடையாது.

அதனால் என் பதில், வேண்டாம். அந்த அறைக்குக் கட்டில் வாங்காதே. நான் வந்தால் உன் வீட்டில் தினமும் உப்புப் போடும்போதும், நீங்கள் இருவரும் கொஞ்சம் குரலை உயர்த்தும்போதும், ஒரு குழந்தை பிறந்து தவழும்போதும் என் கை இழுக்கும். நான் நாற்காலியிலிருந்து எழுந்தாலே நீ ஓடிவருவாய். நம் இருவருக்கும் நடுவில் அந்தப் பெண் மூச்சு முட்டிப்போவாள். எனக்குத் தனிமை இல்லையா என்றால், இருக்கிறது. சாயங்காலம் கடைசி கிளாஸ் முடிந்து ஸ்கூல் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வருகிற நேரம் மிகவும் மோசம். டி.வி.யைப் போட்டுவிட்டுச் சமையலறையில் நிற்பேன், யாரோ பேசுகிறார்கள் என்று இருக்கட்டுமே என்று. உன் கூடவே இருக்க வேண்டும் என்று ஆசை இல்லாமல் இல்லை, ரொம்ப ஆசைதான். அந்த ஆசையோடுதான் வேண்டாம் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இங்கே வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மாத்திரை போட்டாயா என்று தினமும் போனில் கேட்காதே.

ஆனால் அருவிப் பக்கம் நீ சொன்னதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கூப்பிட மாட்டேன் என்றாய். கூப்பிடுவேன் என்று இங்கே எழுதிக் கொடுத்தால் நீ நம்புவாயா? நம்ப மாட்டாய், நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். ஆகையால் யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். கொஞ்ச நாளாக இருட்டினால் எதிரே வரும் வண்டிகளின் விளக்கு எனக்குச் சிதறித் தெரிகிறது. சாயங்கால கிளாஸ்களை ஏதேதோ சாக்குச் சொல்லிக் காலைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். கண்ணில் புரை என்றால் பரவாயில்லை, வெட்டி எடுத்துவிடுவார்கள். வேறு ஏதாவது என்று சொல்லிவிடுவார்களோ, வண்டியைத் தொடாதே என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து இதுவரை போகாமல் இருக்கிறேன். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது அருள். சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கிவிட்டேன். கண்ணில் மருந்து விட்டால் அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாதாம், துணைக்கு ஆள் கூட்டிவரச் சொன்னார்கள். நீ வா.

அம்மா